உள்காய்ச்சல்னு எழுதிக்கோங்க

"என்ன செய்யுது?"ன்னு கேக்காரு பொன்னுத்துரை அண்ணாச்சி. சாதாரணமாக் கேக்க மாட்டாரு மனுசன், மீன் ஏலம் விடுத மாதிரிதான் கேப்பாரு. இந்தத் தவமணி கிளினிக்குல கம்பவுண்டரும் அவருதான், டோக்கன் குடுக்கதும் அவருதான், ஊசி போடுததும் அவருதான். ஹால்ல உக்காந்திருக்க முப்பது பேரும் பேச்சை நிப்பாட்டிட்டு என் வாயையே பாக்காங்க. எனக்கு என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சு இவங்க என்ன செய்யப் போறாங்க, பொங்கித் திங்கப் போறாங்களா? "காய்ச்சல் அண்ணாச்சி"ன்னேன். "காய்ச்சல்!"னு இன்னொரு தடவை ஊருக்கே கேக்கச் சொல்லிக்கிட்டு சீட்டுல எழுதுதாரு. செண்பகவல்லி, வயசு நாப்பத்தாறு, காய்ச்சல். வயசையும் கத்தணுமா மனுசா? அப்புறம் அந்தக் கண்ணாடி டம்ளர்ல இருந்து தெர்மாமீட்டரை எடுக்காரு. டம்ளர் அடியில ஊறிக் கெடக்க பஞ்சு பழுப்பேறிப் போயிருக்கு, அதுல இருக்க டெட்டால் தண்ணி எந்த வருசத்துத் தண்ணியோ. எனக்கு முன்னால வந்த ஒரு ஆள் கக்கத்துல இருந்து வந்தது அது. தன் வேட்டி நுனியில ஒரு தொடை தொடைச்சாரு, அம்புட்டுதான், "கையைத் தூக்கும்மா"ன்னாரு. இடது கையைத் தூக்கப் போனவ சட்டுன்னு வலது கையைத் தூக்கினேன். இடது பக்கம் யாரும் வர வேண்டாம். "தொண்ணூத்தெட்டரை. காய்ச்சலே இல்லையேம்மா!"ன்னு கத்துதாரு. "உள்காய்ச்சல் அண்ணாச்சி. உள்காய்ச்சல்னு எழுதிக்கோங்க." எழுதிக்கிட்டாரு. இந்த ஊர்ல உள்காய்ச்சல்னு சொல்லிட்டா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. தெர்மாமீட்டரும் பிடிக்காது, டாக்டரும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு, அஞ்சு நாளைக்கு மாத்திரை எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாரு. இது எனக்கு மூணாவது உள்காய்ச்சல். மொத ரெண்டு உள்காய்ச்சலுக்கும் குடுத்த மாத்திரை என் கடை மேசை டிராயர்ல அட்டை பிரிக்காம அப்படியே கெடக்கு.

இருபத்திரெண்டு என் டோக்கன். சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி காலி, உக்காந்தேன். உக்காந்த பெறகுதான் நேர் எதிர்ல என்ன இருக்குன்னு பாத்தேன், சீ, வேற இடமா கெடைக்கல. போர்டு. நான் அடிச்ச போர்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில ஜெராக்ஸ், டைப்பிங், பிளெக்ஸ் டிசைன் எல்லாம் செஞ்சு குடுக்க கடை என்னுது. இந்தக் கிளினிக்குல ஒட்டியிருக்க ஒவ்வொரு எழுத்தும் என் கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததுதான். 'செருப்பை வெளியே விடவும்.' 'பழைய சீட்டு இல்லாதவர் பார்க்கப்பட மாட்டார்.' 'ஒரு டோக்கனுக்கு ஒரு வியாதி மட்டும்.' ஒரு வியாதி மட்டுமாம், சர்க்கரை இருக்கவனுக்குச் சிரங்கு வந்தா இன்னொரு டோக்கன் வாங்கணும். அதை அடிக்கும்போது நான் சிரிச்சேன், அண்ணாச்சியும் சிரிச்சாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் அவரு ஓட்டமா ஓடியாந்தாரு. "செண்பகம், செக்கிங் வாராங்களாம், நோயாளி உரிமைன்னு ஒரு போர்டு கட்டாயம் வைக்கணுமாம், நாளைக்குக் காலைல வேணும்." கையில ஒரு தாள், பதினேழு உரிமை. கேலண்டருக்கும் கதவுக்கும் நடுவுல இருக்க எடந்தான் போர்டுக்கு. அதுல மேல டாக்டர் பேரு, படிப்பு, போட்டோ, பாக்கிற நேரம், விடுமுறை நாள், ஓரத்துல ஒரு பிள்ளையார். மிச்ச எடத்துல பதினேழு எப்படிக் கொள்ளும்? எழுத்தைச் சின்னதாக்கினா எறும்பு ஊருத மாதிரி இருக்கும், ஆபீசர் திட்டுவாருன்னாரு அண்ணாச்சி. "அட்ஜஸ்ட் பண்ணு தாயி"ன்னாரு. பிள்ளையாரைத் தூக்க முடியாது, போட்டோவைத் தூக்க முடியாது. எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு, எடம் பத்தலைன்னா நீளமான வரியைத்தான் மொதல்ல தூக்குவோம். எது ரெண்டு வரிக்கு ஓடுதோ அது காலி. என்ன எழுதியிருக்குன்னு யாரு படிச்சா? ஆறு போச்சு. பதினொண்ணு நின்னுச்சு. அழகா நின்னுச்சு, நடு சென்டர்ல, நீலக் கட்டம் போட்டு. ஆபீசர் வந்தாரு, பாத்தாரு, டீ குடிச்சாரு, போனாரு. எண்ணிப் பாக்கலை.

தூக்கின ஆறும் என்னன்னு இப்ப எனக்கு வரிக்கு வரி தெரியும். மொத தடவை உள்காய்ச்சல்னு பொய் சொல்லிட்டுத் திரும்பின அன்னிக்கி கடையில கம்ப்யூட்டரைத் தோண்டி அந்தப் பழைய ஃபைலை எடுத்துப் படிச்சேன். பன்னெண்டாவதுதான் எல்லாத்துலயும் நீளம். அதைத்தான் மொதல்ல தூக்கியிருக்கேன். நல்லா இருடி செண்பகவல்லி, நல்லா இரு.

குளிக்கும்போதுதான் தட்டுப்பட்டுச்சு, ஆடி கடைசி வெள்ளி. இடது மாருல, கீழ்ப்பக்கம், புளியங்கொட்டை அளவுக்கு. சோப்பு வழுக்கி விரல் மறுபடி அங்கேயே வந்து நின்னுச்சு. வலிக்கலை. வலிச்சா தேவலைன்னு இருந்துச்சு. எங்க அத்தைக்கு வலிக்காமத்தான் ஆரம்பிச்சது. அப்பாகூடப் பொறந்தவ. யாருட்டயும் சொல்லாம துணியைச் சுருட்டிச் சுருட்டி ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டே நாலு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறுனா. சொன்ன அன்னிக்கி அது புண்ணாகி ஒடைஞ்சிருந்தது. அந்த ரூம்புக்குள்ள நான் ஒரே தடவைதான் போனேன். சாம்பிராணியும் அதுக்கடியில அந்த வாடையும். இன்னிக்கும் சாம்பிராணி போட்டா எனக்குக் குமட்டும். கடையில பூசை போடும்போது வெளிய போய் நின்னுக்குவேன், கேட்டா அலர்ஜின்னு சொல்லிக்குவேன். இப்ப இந்த ஹால்லயும் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வச்சிருக்கான். வேற டாக்டர்ட்ட போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்க போக? பெரியாஸ்பத்திரியில சீட்டு எழுதுதது என் நாத்தனார். பிரசவம் பாக்கிற லேடி டாக்டர் வீடு என் மாமியார் வீட்டுக்கு எதிர்வீடு. ஸ்கேன் சென்டர்ல போய்க் கேட்டா டாக்டர் லெட்டர் இல்லாம எடுக்க மாட்டோம்னுட்டான். லெட்டர் எழுத வேண்டியது தவமணி டாக்டர். தவமணி டாக்டர்கிட்ட சொல்லணும்னா தெருவுக்கே சொல்லணும். என் வீட்டுக்காரரு தங்கராசுட்ட சொல்லலாம். சொன்னா அவரு அழுவாரு. அழுதுகிட்டே தங்கச்சிக்குப் போன் போடுவாரு.

தெருவுக்குத் தெரிஞ்சா என்னடி, உசுரு போற காரியம்லான்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ராத்திரி பகலா கேக்கேன். ஆனா என் பொண்ணு நிவேதாவுக்கு அடுத்த மாசம் பூ வைக்காங்க. பையன் தூத்துக்குடியில எஞ்சினியர், வீடு இங்கேயே, வேலாயுதபுரத்துல. மாப்பிள்ளையோட அம்மா பொண்ணு பாக்க வந்தன்னிக்கே, காப்பி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, "ஒங்க பக்கத்துல சீக்கு சேர்மானம் எதுவும் இல்லையே மதினி?"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. நான் அத்தையை முழுங்கிட்டு, "இல்ல மதினி"ன்னேன். இப்ப பாருங்க கூத்தை, எனக்குப் பக்கத்து நாற்காலியில வந்து உக்காருதவ யாரு? அன்னலட்சுமி. அதே வேலாயுதபுரம், மாப்பிள்ளை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. கடலைமிட்டாய்க் கம்பெனியில வேலை, மேல எல்லாம் வெல்லப்பாகு வாடை. கையெல்லாம் பிசுபிசுப்பு, எத்தனை கழுவினாலும் போகாது போல. தண்ணிக் குழாய்லயோ ரேசன் கடையிலயோ இவ வாயில ஒரு சேதி விழுந்துச்சுன்னா பொழுது சாயுததுக்குள்ள அந்தம்மா வீட்டு அடுப்படிக்குப் போயிரும். "யக்கா, என்ன செய்யுது?"ன்னா. "உள்காய்ச்சல்"னேன். "எனக்கும் அதான்க்கா"ன்னா. தொண்ணூத்தெட்டுன்னு அண்ணாச்சி அவளுக்குக் கத்துனது எனக்கும் கேட்டுச்சு. ஊரு பூரா உள்காய்ச்சல்தான் இன்னிக்கு. காலைல இருந்து நான் எண்ணின வரைக்கும் ஏழு, அதுல ஆறு பேரு பொம்பளைங்க. அவ முழங்கை என் கையில ஒட்டி ஒட்டி நிக்குது. தள்ளி உக்காரு தாயேன்னு சொல்லணும் போல இருக்கு. இவ காய்ச்சல் வேற எனக்கு ஒட்டிக்கிடும். ஆனா அந்தக் கை ஜில்லுன்னு இருக்கு. மண்பானையைத் தொட்ட மாதிரி ஜில்லுன்னு.

"இருபதுல இருந்து இருபத்தி நாலு, உள்ள போங்க!" இதுதான் இங்க வழக்கம். அஞ்சஞ்சு பேரா உள்ள போகணும். டாக்டர் மேசைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல், ஸ்டூல்ல ஆரம்பிச்சுச் சுவரோரமா ஒரு நீள பெஞ்சு. ஸ்டூல்ல இருக்கவருக்கு வைத்தியம் நடக்கும், பெஞ்சுல இருக்கவங்களுக்கு வேடிக்கை நடக்கும். ஸ்டூல் காலியானதும் எல்லாரும் ஒரு சீட்டு நகரணும், பின்னால ஒரு ஆள் புதுசா வந்து உக்காரணும். கதவு தெறந்தேதான் கெடக்கும், சாத்திரக் கூடாதுன்னு கீழ ஒரு செங்கல் வச்சிருக்காரு அண்ணாச்சி. நாலு பேரு கேக்கட்டும், அஞ்சாவது ஆளும் கேக்கட்டும், ஹால்ல இருக்கவன் ஏமாந்துரக் கூடாதுல்லா? நகர்ந்தேன். எனக்கு முன்னால உக்காந்திருந்தவங்க விட்டுட்டுப் போன சூடு பெஞ்சுல அப்படியே இருக்கு. ரெக்சின் சூடு. அந்தச் சூட்டுல சேலையோட உக்காரும்போது உடம்பு கூசுது, கருமம், வேற ஒருத்தருடைய உடம்புக்குள்ள போய் உக்காந்த மாதிரி. ஸ்டூல்ல சைக்கிள் கடை முத்தையா அண்ணன். "சொல்லுங்க"ங்காரு டாக்டர், தலையை நிமிர்த்தாம. முத்தையா அண்ணன் குனிஞ்சு குனிஞ்சு காதுகிட்டப் போய் என்னமோ சொல்லுதாரு. டாக்டருக்கு ரகசியம் பேச நேரமில்ல. "மூலமா? ரத்தம் போகுதா? எத்தனை நாளா? வெளிய தள்ளுதா?" முத்தையா அண்ணன் காது மடல் செவந்து போச்சு. அவரு கைக்குட்டையை மடிக்காரு, விரிக்காரு, மடிக்காரு. அடுத்து உள்ள வர வாசல்ல நிக்க ஒரு பொம்பளை முந்தானையால வாயைப் பொத்துதா. பெஞ்சுக் கடைசியில ஒரு லாரி டிரைவர் கூரையைப் பாத்துச் சிரிக்கான். எனக்குத் தெரியும், நாளைக்குள்ள அவருக்கு ஒரு பட்டப்பேரு வந்துரும். என் பொண்ணு மொத சைக்கிளுக்குக் காத்துப் போட்டு வீல் கோட்டம் எடுத்துக் குடுத்த மனுசன். நான் வேற பக்கம் பாக்கலாம்ல? பாக்கலையே. நானும் அவரு முதுகையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். காது தன்னால நீளுது. சீ, என்ன ஜென்மம் நான்.

டாக்டர் கெட்டவரு இல்ல. கைராசிக்காரரு, இந்த ஊர்ல பாதிப் பேரு உசுரு அவரு கையில பொழைச்சதுதான், நான் மறுக்கலை. ஆனா அவரு கழுத்துல தொங்குற ஸ்டெதாஸ்கோப்போட அந்த வட்டத்தைப் பாக்கேன். முத்தையா அண்ணன் நெஞ்சுல இருந்த வேர்வை அதுல பளபளன்னு இருக்கு. அதைத் தொடைக்காம அடுத்த ஆள் நெஞ்சுல வைக்காரு. மேசையில ஒரு துண்டு, அதுலதான் எல்லாத்தையும் தொடைக்காரு, கையை, வாயை, சில நேரம் மேசையை. அந்தத் துண்டுமேல ஒரு ஈ. எனக்குத் தொண்டை வரைக்கும் வருது. ஆனா இந்த ஈயும் துண்டும் எல்லாம் ஒரு சாக்குதான்னு எனக்குத் தெரியும். எனக்கு யாரைப் பாத்துக் குமட்டுதுன்னா, கஸ்தூரி. கஸ்தூரியைப் பாத்து இல்ல, கஸ்தூரிக்கு நான் செஞ்சதைப் பாத்து. போன வருசம் இருமலுக்கு வந்து இதே பெஞ்சுல ரெண்டாவது எடத்துல நான் உக்காந்திருந்தப்ப ஸ்டூல்ல அந்தப் பிள்ளை. எங்க கடைக்கு சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க வர்ற பிள்ளை, இருபத்திமூணு வயசு, எட்டயபுரத்துல மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்தாங்க. "எத்தனை நாள் தள்ளிப் போச்சு?"ன்னு கேட்டாரு டாக்டர். "அம்பது நாள்." "கல்யாணம் ஆகலைல்ல?" அந்தப் பிள்ளை தலையை ஆட்டுச்சு. அம்புட்டுதான் நடந்தது. மறுநாள் மெசின் சூடாகட்டும்னு காத்திருந்த நேரத்துல நான் ரெண்டு பேருட்ட சொன்னேன். வேணும்னு சொல்லலை. "பாவம், அந்தப் பிள்ளை"ன்னு ஆரம்பிச்சுத்தான் சொன்னேன். பாவம்னு ஆரம்பிச்சு எதை வேணாலும் சொல்லிரலாம்லா. மூணாவது வாரம் எட்டயபுரத்துக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் அவ அம்மா ஒரு ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தாங்க. கண்ணாடிமேல கவுத்து வைக்கும்போது படிச்சேன். தைராய்டு. வெறும் தைராய்டு. ரெண்டு காப்பி எடுத்து, பின் அடிச்சு, கவர்ல போட்டுக் குடுத்தேன். அந்தப் பிள்ளை இப்ப எங்க கடையைத் தாண்டி மார்க்கெட் கடைக்குப் போகுது, வெயில்ல, அவ்வளவு தூரம். நான் கல்லாவுல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்.

அதனால அன்னலட்சுமியை நான் என்ன குத்தம் சொல்ல? அவ வாய் எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்னா, என் வாய் எப்படின்னு எனக்குத் தெரியும். நகருங்கன்னாரு அண்ணாச்சி. நகர்ந்தேன். பெஞ்சு முடிஞ்சு போச்சு, ஸ்டூல்தான். முத்தையா அண்ணன் யாரையும் பாக்காம செருப்புகூடப் போடாம வெளிய போயிட்டாரு, அதுக்கடுத்து உக்காந்த ஆளும் மருந்துச் சீட்டோட எந்திரிச்சாச்சு. ஸ்டூல்லயும் அதே சூடு. டாக்டர் என் சீட்டைப் பாத்தாரு. "என்னம்மா, இன்னும் காய்ச்சல் விடலையா?" "இல்ல டாக்டர்." "திரும்புங்க." முதுகுல அந்த வட்டத்தை வச்சாரு, ரவிக்கை மேலேயே. "மூச்சை இழுத்து விடுங்க." இழுத்தேன். "இந்தப் பக்கம் திரும்புங்க." முன்னால வந்துச்சு அது. இடது பக்கம், மேல. இன்னும் நாலு விரக்கடை கீழ வந்தா தட்டும். கீழ வா, கீழ வான்னு கெஞ்சுதேன் மனசுக்குள்ள. நீயே கண்டுபிடிச்சிரு, நான் சொல்ல வேண்டாம், என் வாயால வேண்டாம். பெஞ்சுல நாலு பேரு கண்ணு என் நெஞ்சுலேயே இருக்கு. வட்டம் ஒரு நிமிசம் நின்னுச்சு, எடுத்துட்டாரு. "சளி ஒண்ணும் இல்ல. அதே மாத்திரையை இன்னும் அஞ்சு நாள் போடுங்க"ன்னு எழுத ஆரம்பிச்சாரு.

அந்தப் பேனா ஓடுதது எனக்குக் கேக்குது. தாளைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டாருன்னா முடிஞ்சது, எந்திரிக்கணும், நகரணும், நாலாவது உள்காய்ச்சல் எப்ப வருமோ. அதுக்குள்ள புளியங்கொட்டை என்னவா ஆகுமோ. சாம்பிராணி வாடை மூக்குல ஏறுச்சு, இங்க இருந்து வந்ததா, அங்க அத்தை ரூம்புல இருந்து வந்ததான்னு தெரியலை. கையை அந்தத் தாள் மேல வச்சுட்டேன். "டாக்டர், காய்ச்சல் இல்ல." "பின்ன?" "தனியாச் சொல்லணும். இவங்களைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க." டாக்டர் மொத தடவையா என் மொகத்தைப் பாத்தாரு. கோவம் இல்ல, அலுப்புதான். "வெளிய நாப்பது பேரு நிக்காங்கம்மா. ஒவ்வொருத்தருக்கும் கதவைச் சாத்தித் தெறந்தா நான் எப்ப சாப்பாட்டுக்குப் போறது? எல்லாம் நம்ம ஆளுகதானே, சும்மா சொல்லுங்க." நம்ம ஆளுக! எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "நம்ம ஆளுகதான் டாக்டர். அதனாலதான்." வாசல்ல நின்ன பொன்னுத்துரை அண்ணாச்சி சும்மா இருப்பாரா? "அப்படி ஒரு வழக்கம் இங்க கெடையாது செண்பகம். போர்டுல எங்க போட்டிருக்கு, காட்டு. நீ அடிச்ச போர்டுதானே?"ன்னாரு. நியாயமான கேள்விதான். இதைவிட நியாயமா என்னை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.

"போர்டுல இல்ல அண்ணாச்சி. நீங்க குடுத்த தாள்ல இருந்துச்சு. பன்னெண்டாவது. ரெண்டு வரிக்கு ஓடுச்சு, பிள்ளையாருக்கு எடம் வேணும்னு நான்தான் தூக்கினேன்"ன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு. "பரிசோதனையின்போது பிறர் பார்வையும் செவியும் படாத தனிமை நோயாளிக்குத் தரப்பட வேண்டும். பெண்ணை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும். அதான் அந்த வரி." மனப்பாடமா ஒப்பிச்சேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "சரிம்மா, அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. இப்ப ஒங்களுக்கு என்ன, அதைச் சொல்லுங்க"ன்னாரு டாக்டர், கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு. நிவேதா மொகம் வந்துச்சு. காப்பி டம்ளரை வச்சுக்கிட்டு அந்தம்மா சிரிச்ச சிரிப்பு வந்துச்சு. பக்கத்துல வெல்ல வாடை. போ, போய்ச் சொல்லு, எங்க வேணாலும் போய்ச் சொல்லு. நான் கஸ்தூரிக்குச் செஞ்சது எனக்குத் திரும்பட்டும். ஆனா அத்தை மாதிரி துணி சுருட்டி வச்சுக்க மட்டும் மாட்டேன். "இடது மாருல கட்டி இருக்கு டாக்டர். ரெண்டு மாசமா."

டாக்டர் பேனாவை மூடினாரு. பெஞ்சுல அன்னலட்சுமி எந்திரிச்சா. போறா, போன் பேசப் போறான்னு நெனைச்சேன். அவ நேரா வாசலுக்குப் போனா. குனிஞ்சு அந்தச் செங்கல்லைத் தூக்கினா. "எந்திரிங்க எல்லாரும்"ன்னா பெஞ்சைப் பாத்து. லாரி டிரைவர் பே பேன்னு முழிக்கான். "ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? எந்திரி அண்ணே." அவன் எந்திரிச்சான். முந்தானையால வாயைப் பொத்துன பொம்பளையும் எந்திரிச்சா, இன்னொரு ஆளும் பின்னாலேயே போனாரு. "என்னம்மா இது, நீ யாரு இதைச் சொல்ல?"ன்னு அண்ணாச்சி உள்ள ஒரு காலை வச்சாரு. "நீங்களும்தான் அண்ணாச்சி. இதைக் கொண்டுபோய் வெளிய வைங்க"ன்னு செங்கல்லை அவரு கையில குடுத்துட்டா. அவரு டாக்டரைப் பாத்தாரு. டாக்டர் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு இருந்தாரு. கதவு கிறீச்சுன்னு சத்தம் போட்டுச் சாத்திக்கிட்டுச்சு. எத்தனை வருசமோ சாத்தி, தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போயிருந்தது, ரெண்டு கையாலயும் இழுத்துத்தான் போட்டா.

போட்டுட்டு வந்து எனக்குப் பக்கத்துல நின்னா. டாக்டரைப் பாக்கலை, என்னையும் பாக்கலை, தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "எனக்கும் உள்காய்ச்சல் இல்லக்கா. பொம்பள ஒருத்தி கூட நிக்கணும்னு சொன்னீங்கல்லா, நான் நிக்கேன். அடுத்தது நான். அப்ப நீங்க நிக்கணும்." ஒனக்கு என்னடின்னு கேக்க என் நாக்கு துடிச்சது. மொத வார்த்தை பல்லு வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. "நிக்கேன்"னு மட்டும் சொன்னேன். டாக்டர் எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவிக்கிட்டு இருந்தாரு, சோப்புப் போட்டு, அந்தத் துண்டைத் தொடாம. சேலையை ரவிக்கையோட சேர்த்துத் தோள்ல குத்தியிருந்த ஊக்கைக் கழட்டினேன். மேசையில வைக்கப் பாத்தேன், அந்தத் துண்டும் ஈயும்தான் இருந்துச்சு. அன்னலட்சுமி கையை நீட்டினா. அந்தப் பிசுபிசுத்த, ஜில்லுன்னு இருந்த கையில ஊக்கை வச்சேன்.